செவிப்பைக்குள் தேங்கும் ஊதா நிறம்: கோழிக்கருவில் கேடரின் இன் சிட்டு

கோழிக்கருவில் கேடரின் (செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதம்) மரபணுக்களுக்கு இன் சிட்டு செய்து, அதாவது அவற்றின் ஆர்.என்.ஏ. எங்கே இருக்கிறது என்று நிறத்தால் காட்டி, முதல் தடவையிலேயே செவிப்பை (உள்காதாக வளரும் பை) முழுக்க அடர் ஊதாவாக வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். பல நேரம் அது மரபணு வெளிப்பாடே இல்லை, உள்ளே மாட்டிக்கொண்ட புரோப் (அந்த ஆர்.என்.ஏ.வோடு இணையும், அடையாளமிட்ட ஆர்.என்.ஏ. துண்டு).

38 டிகிரியில் மூன்று நாள் அடைவைத்த முட்டையில் கரு, கோழிக்கருவின் வளர்ச்சியை எண்ணிடும் ஹாம்பர்கர்-ஹாமில்டன் வரிசையில் 18ஆம் நிலையைத் தொட்டிருக்கும். செவிக்குழி அதற்குள் வாய்மூடிப் பையாகிவிடும். அந்தப் பைக்குள் போன புரோப்பும், அதைப் பிடித்து நிறம் வரவைக்கும் ஆன்டிபாடியும் எத்தனை முறை கழுவினாலும் முழுதாக வெளியேறாது. ஆகவே 4% பாராஃபார்மால்டிஹைடில் இரவு முழுக்க ஊறியதும், மெத்தனாலுக்குப் போகும் முன்பே, டங்ஸ்டன் ஊசியால் பையின் மேற்பக்கம் ஒரு துளை போடுங்கள். பின்மூளையின் கூரையிலும் ஒன்று. முன்-கீழ்ச் சுவரை மட்டும் தொடக் கூடாது. செவிநரம்பு முடிச்சாகப் போகும் செல்கள் பக்கத்துச் செல்களை விட்டுப் பிரிந்து வெளியேறும் இடம் அதுதான். செல் ஒட்டுப் புரதங்களைத் தேடுபவருக்கு அதைவிட முக்கியமான இடம் இல்லை.

புரோப் தேர்விலும் ஒரு பொறி உண்டு. என், ஈ எனப் பல வகைக் கேடரின்களின் செல்லுக்குள் இருக்கும் வால்பகுதி ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்திருக்கும். அந்தத் துண்டை எடுத்தால் என்-கேடரின் புரோப் மற்ற கேடரின்களையும் பிடிக்கும். புரதமாக மொழிபெயர்க்கப்படாத 3' முனையிலிருந்து 600 முதல் 900 எழுத்து நீளத்தில் எடுப்பது நல்லது.

புரோப் உள்ளே போகத் திசுவை இளக்கும் புரோட்டினேஸ் கே நொதி மி.லி.க்கு 10 மைக்ரோகிராம். நிலை எண் எவ்வளவோ அத்தனை நிமிடம், அதாவது 18ஆம் நிலைக்கு 18 நிமிடம் என்பது கைக்கணக்கு. புதுப் பாட்டில் திறந்தால் இந்தக் கணக்கை நம்பாமல் இரண்டு மூன்று கருக்களில் சோதித்துவிடுங்கள். நேரம் கூடினால் முதலில் உரிவது மேல்தோல். ஈ-கேடரின் பலமாக வரவேண்டிய இடமே அதுதான், எனவே அங்கே நிறம் இல்லாத கருவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். என்-கேடரினுக்கு அப்படி நிறம் வந்தே ஆக வேண்டிய இடம் நரம்புக்குழாய். பிறகு 0.1% குளூட்டரால்டிஹைடு சேர்த்த பாராஃபார்மால்டிஹைடில் 20 நிமிடம் வைக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் சூடான ஃபார்மமைடில் கரு பொடிந்துவிடும்.

புரோப்பை இணையவைக்க 50% ஃபார்மமைடு, 65 டிகிரி, மி.லி.க்கு அரை மைக்ரோகிராம் புரோப், ஓர் இரவு. புரோப்பில் இட்ட 'டிக்' அடையாளத்தைப் பிடிக்கும் டிக் ஆன்டிபாடி 2000இல் ஒரு பங்கு, 10% ஆட்டுச் சீரத்தில். கழுவல் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றாக ஐந்து முறை, பிறகு இரவு முழுக்க. கழுவுவது டிரிஸ் கரைசலில்தான், பாஸ்பேட்டில் அல்ல. நிறம் வரவைக்கும் பி.எச். 9.5 கரைசலில் மெக்னீசியம் இருக்கிறது; மிச்சப் பாஸ்பேட்டோடு சேர்ந்தால் வெள்ளையாகப் படியும்.

ஒப்பீட்டுக்காக வைக்கும், தேடும் ஆர்.என்.ஏ.வோடு இணையாத சென்ஸ் புரோப்பும் பையில் தேங்கும், ஆகவே அதிலும் ஊதா வந்தால் குற்றவாளி சரியாக விழாத துளைதான். சந்தேகம் தீராவிட்டால் ஜெலட்டினில் பதித்து 15 மைக்ரான் தடிமனில் வெட்டிப் பாருங்கள். நிறம் செல்லுக்குள்ளா, பையின் வெற்றிடத்திலா என்று உடனே தெரிந்துவிடும்.

ஆர்.என்.ஏ. இருப்பதால் மட்டும் புரதம் செல் எல்லையில் நிற்கிறது என்று ஆகாது. அதற்குக் கேடரின் புரதத்தையே பிடிக்கும் ஆன்டிபாடி வேண்டும். கேடரின் கால்சியத்தைப் பிடித்துத்தான் ஒட்டும் என்பதால், கருவைப் பிரித்தெடுக்கும் கரைசலில் 1 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேர்த்துவிடுங்கள், கால்சியத்தைக் கவர்ந்துகொள்ளும் ஈ.டி.டி.ஏ. பக்கமே போக வேண்டாம்.