கடல் உறையக் காத்திருந்த கரடிகள்

முந்தாநாள்தான் ரொறன்ரோ திரும்பினேன். உடுப்புகள் இன்னும் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். காரணம், போவதற்கு முன் துருவக்கரடி பார்க்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வந்தது. "மிருகங்கள்தானே, அதுகள் பழகிக்கொள்ளும். ஐஸ் இல்லாவிட்டால் வேறு எதையாவது தின்னும்." மூன்று நாள் அவற்றின் பக்கத்தில் இருந்துவிட்டு வந்து சொல்கிறேன், அது தவறு.

போன இடம் கனடாவின் மானிற்றோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் சேர்ச்சில். 900 பேர்கூட இல்லாத ஊர். அங்கே போக வீதி கிடையாது. விமானம், இல்லாவிட்டால் ரயில். பலர் செலவுக் கணக்குக் கேட்டிருந்தீர்கள், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

விமானச் சீட்டின் விலையைப் பார்த்த உடனேயே அந்த யோசனையைக் கைவிட்டோம். வின்னிபெக்கில் இருந்து சேர்ச்சிலுக்கு நேராக ரயில் இருக்கிறது. ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர், இரண்டு இரவுப் பயணம். கூட வந்த தம்பி ஒரு கணக்குப் போட்டான். "அக்கா, பாதி வழியில் இருக்கும் தொம்சன் வரைக்கும் பஸ்ஸில் போய் அங்கே ரயில் ஏறினால் ரயிலில் ஒரு இரவு மிச்சம், காசும் மிச்சம்." நானும் சரி என்றேன்.

அந்த பஸ்ஸை நான் மறக்க மாட்டேன். வெளியே மைனஸ் 15. உள்ளே ஹீட்டர் வேலை செய்யவில்லை. யன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தில் பனி படிந்து, நகத்தால் சுரண்டினால்தான் வெளியே தெரிந்தது. சாரதியிடம் போய்ச் சொன்னேன். அடுத்த தரிப்பிடத்தில் பார்க்கலாம் என்றார். நான்கு தரிப்பிடங்கள் போயின, ஒருவரும் பார்க்கவில்லை. பின் இருக்கையில் ஒரு சின்னப் பிள்ளை அழுது அழுது களைத்துப்போனது. என் சால்வையை அதற்குக் கொடுத்துவிட்டு விடியும்வரை நித்திரையில்லாமல் இருந்தேன். முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் குளிரில் வைத்து ஓட்டுவது அநியாயம். திரும்பி வரும்போது ரயிலிலேயே வின்னிபெக் வரை வந்தோம். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

தொம்சனில் இன்னொரு அடி. பஸ் நின்ற இடத்தில் இருந்து ரயில் நிலையம் சில கிலோமீட்டர்தான். டாக்சிக்காரர் 45 டொலர் கேட்டார். மீட்டர் போடுங்கள் என்றேன். பெட்டி இருக்கிறது, குளிர், திரும்பி வரும்போது ஆள் கிடைக்காது என்று காரணம் அடுக்கினார். வேறு வண்டி இல்லை, கொடுத்தோம். ஒரு நாள் சாப்பாட்டுக் காசு அது.

ரயில் மெதுவாகத்தான் போகும். ஆனால் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்று போகப் போகப் புரிந்தது. 1929 இல் சேர்ச்சிலை எட்டிய இந்தப் பாதையின் வடக்குப் பகுதி சதுப்பு நிலத்துக்கும் ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் மண்ணுக்கும் மேலே போகிறது. அந்த மண் இளகும்போது தண்டவாளம் ஓரிடத்தில் தாழ்கிறது, இன்னோரிடத்தில் எழும்புகிறது. வேகமாக ஓட்ட முடியாது. 2017 வசந்தத்தில் வெள்ளம் பாதையைப் பல இடங்களில் அடித்துக்கொண்டு போனபோது ஒன்றரை ஆண்டு ரயிலே இல்லை. பால், மரக்கறி முதற்கொண்டு விமானத்தில் வந்திருக்கிறது. காலையில் கண் விழித்தபோது மரங்கள் ஆள் உயரத்துக்குக் குறுகிவிட்டிருந்தன. வடமேற்குக் காற்று அடிக்கும் பக்கத்தில் கிளையே இல்லை, ஒரு பக்கம் மட்டும் கொடி பிடித்தது போல நின்றன.

ஊருக்குள் முதலில் கேட்ட அறிவுரை, இருட்டிய பின் நடக்காதே. இரண்டாவது, கரடி வந்தால் பக்கத்தில் நிற்கும் எந்தக் காருக்குள்ளும் ஏறிக்கொள். அங்கே கார்க் கதவுகளைப் பூட்டாமல் விடுவது வழக்கம், இன்னொருவர் உயிர் தப்பட்டும் என்றுதான். ஊருக்குள் வந்து தொல்லை கொடுக்கும் கரடிகளைப் பிடித்து வைக்க ஒரு பழைய இராணுவக் கட்டடம் இருக்கிறது. உள்ளே தண்ணீர் மட்டும்தான், சாப்பாடு கிடையாது. ஊருக்கு வந்தால் உணவு கிடைக்கும் என்று அது படித்துவிடக் கூடாதாம். பிறகு மயக்கி, வலையில் கட்டி, ஹெலிகொப்டரில் தூக்கிக்கொண்டு போய் வடக்கே விடுகிறார்கள். முதலில் கேட்டபோது கொடுமை என்று நினைத்தேன். சுட்டுக் கொல்வதைவிட இது எவ்வளவோ மேல் என்று இப்போது நினைக்கிறேன்.

சரி, கரடிகளிடம் வருகிறேன். பெரிய சக்கர வண்டியில் தூந்திர நிலத்துக்குள் போய்ப் பார்க்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 டொலருக்கு மேல். எங்களால் ஒரு நாள்தான் முடிந்தது. மற்ற நாட்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்த, கிறீ என்ற பூர்வகுடிப் பெண்மணி ஒருவரின் வான் வண்டியில் சுற்றினோம். காசு குறைவு, தெரிந்துகொண்டதோ அதிகம்.

இந்தக் கரடிகள் வாழ்வதே கடல் பனியின் மேல்தான். அங்கே நின்றுதான் சீல் பிடிக்கும். வசந்தத்தில் சீல் குட்டிகள் கொழுத்திருக்கும் சில வாரங்களில்தான் ஆண்டின் பெரும்பகுதிக் கொழுப்பை உடம்பில் சேர்க்கும். கோடையில் ஹட்சன் விரிகுடா முழுவதும் உருகிவிடும், வேறு வழியில்லாமல் கரைக்கு வரும். ஆறுகளின் நன்னீர் கலப்பதாலும் காற்று பனியைத் தள்ளிக்கொண்டு வருவதாலும் இந்தக் கரையோரம்தான் முதலில் உறைகிறது. அதனால்தான் நவம்பரில் இங்கே வந்து கூடி நிற்கின்றன. 1980களோடு பார்த்தால் பனியில்லாத காலம் இப்போது மூன்று, நான்கு வாரம் நீண்டுவிட்டது. வசந்தத்தில் சாப்பாடு சீக்கிரம் முடிகிறது, இலையுதிர் காலத்தில் பட்டினி நீள்கிறது. 2016 கணக்கெடுப்பில் மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 842 கரடிகள். 2021 இல் 618.

வேறு எதையாவது தின்னும் என்பவர்களுக்கு ஒரு செய்தி. இதே கரையில் 20 கரடிகளின் கழுத்தில் கமெரா கட்டிக் கோடையில் என்ன செய்கின்றன என்று பார்த்திருக்கிறார்கள். 2024 இல் அந்த ஆய்வு வெளிவந்தது. சில படுத்தே கிடந்தன. சில புல், பெர்ரிப் பழம், பறவை என்று தேடித் தின்றன, சில நீண்ட தூரம் நீந்தின. 20இல் 19 மெலிந்தன, சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு கிலோ. தேடித் தின்றதை, அலைந்த அலைச்சலே தின்றுவிட்டது.

வண்டியில் போன அன்று ஒரு தாயையும் குட்டியையும் கண்டோம். ஒற்றைக் குட்டி, ஒரு வயதுக்கு மேல் இருக்கும். தாயின் இடுப்பெலும்பு உரோமத்துக்கு மேலேயே தெரிந்தது. வண்டிக்குப் பத்து மீட்டர் தூரத்தில் படுத்தாள். குட்டி பால் குடிக்க வந்தது. அவள் ஒருமுறை முகத்தால் தள்ளிவிட்டாள், பிறகு விட்டுக்கொடுத்தாள். வண்டிக்குள் முப்பது பேர் இருந்தோம், ஒருவரும் கதைக்கவில்லை. படம் எடுக்கும் சத்தம்கூடக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. சினைப்பட்ட தாய்களின் பாடு இன்னும் கடினம். உறைபனி வந்தாலும் அவை கடலுக்குப் போவதில்லை. பக்கத்தில் இருக்கும் வாபுஸ்க் தேசியப் பூங்காவில் கரிமண்ணில் தோண்டிய குகைக்குள் போய்க் குட்டி போட்டு, பால் கொடுத்து, எட்டு மாதம்வரை ஒன்றும் தின்னாமல் இருக்கும். அந்தக் குகைகளின் கூரையைத் தாங்குவதும் ரயில் பாதையைத் தாங்கும் அதே உறைந்த மண்தான்.

இவ்வளவு குளிரிலும் நிலத்தில் பனி அரைகுறையாகவே கிடந்தது. கௌதாரி போல ஒரு பறவை, டார்மிகன் என்று பெயர், குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும், கால் விரல்வரை இறகு. பழுப்புப் புதருக்குள் ஏழெட்டு டார்மிகன்கள் கழுவி வைத்த கோப்பைகள் போலப் பளிச்சென்று இருந்தன. துருவ நரி ஒன்றும் அப்படித்தான், கறுப்புப் பாறையில் அரைக் கிலோமீட்டரில் இருந்தே தெரிந்தது. பகல் குறைவதைப் பார்த்துத்தான் இவற்றின் உடம்பு நிறம் மாறுகிறது, பனி விழுந்ததா என்று பார்த்து அல்ல. நாள் சரியாகத்தான் வந்தது, பனிதான் வரவில்லை. இந்த நரி குளிர்காலத்தில் கரடியின் பின்னால் பனிக்கடலுக்குப் போய் அது விட்ட சீல் மிச்சத்தைத் தின்னும். கரடி கரையில் நின்றால் இதற்கும் காத்திருப்புத்தான். தெற்கே இருந்து வரும் செந்நரி உடம்பிலும் பெரியது, இதன் வளைகளைப் பிடித்துக்கொள்கிறது. அன்று மாலையே குப்பை மேட்டுப் பக்கம் இரண்டு செந்நரிகளைக் கண்டோம்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட மாட்டேன். எல்லாம் தூரத்தில் இருந்து வருவதால் கடையில் தக்காளியின் விலையே நெஞ்சை அடைத்தது. முதல் இரண்டு நாள் பாணும் ரின் மீனும்தான். மூன்றாம் நாள் அந்தப் பெண்மணி தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். ஆர்க்ரிக் சார் என்ற மீன், சல்மனின் உறவு, அதில் உருளைக்கிழங்கு போட்டு ஒரு சூப். கூட பனொக், நம் ரொட்டியைத் தேங்காய்ப்பூ இல்லாமல் தடிப்பாகச் சுட்டது போல. தம்பி பைக்குள் இருந்து அம்மா கட்டித் தந்த கட்டைச் சம்பலை எடுத்தான். பனொக்கில் தடவி அவருக்கும் கொடுத்தான். கண் கலங்கியது, ஆனால் இரண்டாவது துண்டுக்கும் கை நீட்டினார். வாழ்நாளில் சாப்பிட்ட நல்ல சாப்பாடுகளில் அது ஒன்று.

சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னார். "நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் கரடிகள் நவம்பர் நடுவில் கடலுக்குப் புறப்பட்டுவிடும். இப்போது சில வருடம் மாதக் கடைசியிலும் இங்கேதான் நிற்கும். உங்களைப் போல வருகிறவர்களுக்குக் கூட நாள் கிடைக்கிறது. அதுகளுக்குத்தான்..." முடிக்காமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

கடைசி நாள் காலை முனைப்பக்கம் போனோம். கரையோரம் கூழ் போல ஒரு பனிப்படலம், அலையோடு சேர்ந்து ஏறி இறங்கியது. பெரிய ஆண் கரடி ஒன்று புதருக்குள் இருந்து வந்தது. முன்னங்காலை வைத்து அழுத்திப் பார்த்தது. தண்ணீர் மேலே வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி அழுத்தியது, மறுபடி தண்ணீர். ஐந்தாறு இடத்தில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து பழைய இடத்திலேயே படுத்துக்கொண்டது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவனுக்கு முப்பத்திரண்டு வயது.

செலவுக் கணக்கை ஒழுங்காக எழுதுவேன் என்றேன், எழுதவில்லை. மொத்தம் ஆளுக்கு 2,700 டொலர் ஆனது, ரொறன்ரோவில் இருந்து வின்னிபெக் விமானமும் சேர்த்து. ரயில் இருக்கையை ஆறு மாதம் முன்பே எடுங்கள், தங்குமிடத்தை ஒரு வருடம் முன்பே. கம்பளிக் காலுறை மூன்று சோடி கட்டாயம்.

வந்ததில் இருந்து வேலைக்குப் போகுமுன் கனடா அரசின் பனி வரைபடத்தைத் திறந்து பார்க்கிறேன். இன்று காலையும் அந்தக் கரையோரம் வெறும் தண்ணீரைக் காட்டும் நீலமாகவே இருந்தது.