ஜெய்சால்மர் புழுதிக்காற்றும் 608 பேரிங்கும்: காற்றுமானி, மூன்றாம் கட்டம்

ஜெய்சால்மரிலிருந்து வந்த மெமரி கார்டை நேற்று இரவு திறந்து பார்த்தேன். பங்குனி இரண்டாம் வாரத்தில் அங்கே அடித்த காற்றில், மாலை 4.10-க்கு மணிக்கு 71 கி.மீ. என்று ஒரு வீச்சு பதிவாகியிருக்கிறது. 4.35-க்கு 46, ஐந்து மணிக்கு 22, 5.20-க்குப் பிறகு சுழியம். எண்களை மட்டும் பார்ப்பவர், ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிட்டது என்றுதான் எண்ணுவார். ஆனால் அன்று ஐந்தரை மணிக்கு என் மைத்துனர் தொலைபேசியில் பேசியபோது, அவர் குரலைவிடக் காற்றின் இரைச்சலே பெரிதாகக் கேட்டது. "மச்சான், கம்பமே ஆடுது, கிண்ணம் மட்டும் சுத்த மாட்டேங்குது" என்றார். காற்று நிற்கவில்லை, கிண்ணங்களின் சுழற்சியால் காற்றின் வேகத்தை அளக்க நான் செய்து அனுப்பிய காற்றுமானிதான் நின்றுவிட்டது.

மைத்துனர் அங்கே காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறார். அவருடைய குடியிருப்பின் மொட்டை மாடியில் மூன்று மீட்டர்க் கம்பம் நட்டு, மதுரையில் என் வீட்டு மாடியில் ஓடும் அதே அமைப்பின் இரட்டைப் பிறவியை மாசியில் பொருத்தினோம். தரப்படி தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில், தடையில்லாத வெளியில் இருக்க வேண்டும் என்பது தெரியும். மாடியும் கம்பமும் சேர்ந்து ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது.

வெப்பமானியின் பதிவு முழுமையாக இருக்கிறது. அதை நான் நான்கு முறை வரைபடமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். நான்கு மணிக்கு 35 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம். நாலரைக்கு 21 டிகிரி. மறுநாள் விடியற்காலை 13. பங்குனி வெயிலில் அரை மணிக்குள் 14 டிகிரி இறங்குவதை மதுரையில் நான் ஒருமுறைகூடப் பதிவு செய்ததில்லை. சித்திரையில் இடியுடன் கோடை மழை கொட்டும் நாள்களிலும் என் மாடியில் 25-க்குக் கீழே போவது அரிது.

ஏன் என்பதற்கு ஈரக்குமிழ்க் கணக்கே விடை தருகிறது. மழைத்துளி விழும்போது ஆவியாகி, சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அப்படி எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலைதான், அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுதான், எல்லை. 36 டிகிரியும் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள மதுரைப் பிற்பகலில் அந்த எல்லை ஏறத்தாழ 25 டிகிரி. 35 டிகிரியும் 15 சதவீதமும் உள்ள தார் பாலைவனத்திலோ 17.6 டிகிரி. அதாவது, பாலையின் வறட்சியே அதன் புயலைக் குளிர வைக்கிறது. பெய்யும் மழையில் பெரும்பகுதி தரையைத் தொடும் முன்பே ஆவியாகிவிடுகிறது. மைத்துனரின் மழைமானியில் அன்று ஒரு மில்லிமீட்டர்கூடச் சேரவில்லை. குளிர்ந்து கனத்த காற்று மட்டும் மேலிருந்து விழுந்து, தரையில் மோதிப் பரந்து, மணலை வாரிக்கொண்டு வருகிறது. இதைத்தான் அங்குள்ளவர்கள் ஆந்தி என்கிறார்கள். மறுநாளும் குளிர் நீடித்ததற்குக் காரணம் வேறு: மத்தியதரைக் கடற்பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறு என்னும் காற்றழுத்தத் தாழ்வு கடந்து சென்றபின் அடிக்கும் வடமேற்குக் காற்று. மார்கழி, தை மாதங்களில் வட இந்தியாவுக்குக் குளிர்கால மழை தரும் அதே அமைப்புதான் பங்குனியில் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போது, கிண்ணங்களின் அச்சைத் தாங்கும் 608 என்ற அளவுப் பேரிங்குக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

மைத்துனர் கிண்ணங்கள் சுழலும் பகுதியான சுழலியைக் கழற்றிக் கூரியரில் அனுப்பியிருந்தார். வெள்ளைத் தாளின் மேல் வைத்து, குண்டூசியால் பேரிங்கின் தகட்டு மூடியை நெம்பி எடுத்தேன். உள்ளே குண்டுகளே தெரியவில்லை. நான் விட்டிருந்த தையல் இயந்திர எண்ணெயும் அங்கே புகுந்த தூசும் கலந்து, சந்தனக் கல்லில் இழைத்த விழுதைப்போல இளஞ்செம்மை நிறத்தில் அப்பியிருந்தது. அதை விரலில் தேய்த்தால் நெறுநெறுப்பே இல்லை. நகங்களுக்கு இடையே வைத்து நெரித்தபோதுதான் கடினம் தெரிந்தது. கோலமாவு இதற்கு முன்னால் சரளைக்கல். நம் ஊர்ச் செம்மண் புழுதியை மனத்தில் வைத்து, இசட்இசட் எனப்படும் தகட்டு மூடி போதும் என்று நான் முடிவு செய்தது முழுத் தவறு.

அந்த முடிவுக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. டூ ஆர்.எஸ். எனப்படும் ரப்பர் மூடியுள்ள பேரிங் தூசியை நன்றாகத் தடுக்கும்; ஆனால் ரப்பர் விளிம்பு உள்வளையத்தை உரசிக்கொண்டே இருப்பதால் சுழலி எளிதில் கிளம்பாது. என் மாடியில் சோதித்தபோது, கிரீஸைக் கழுவி மெல்லிய எண்ணெய் விட்ட தகட்டு மூடிப் பேரிங் மணிக்கு 3 கி.மீ. காற்றிலேயே சுழன்றது, ரப்பர் மூடிக்கு 9 கி.மீ. தேவைப்பட்டது. மாசி, பங்குனி இரவுகளில் மதுரைக் காற்று பாதி நேரம் 9-க்குக் கீழேதான் இருக்கிறது. ஆடியில் அம்மியைப் பறக்கவைக்கும் காற்றை அளப்பது சுலபம். பங்குனியின் மெல்லிய காற்றை அளப்பதில்தான் ஒரு காற்றுமானியின் தரம் தெரியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே ரப்பர் மூடிக்கு மாறுவதில்லை என்று முடிவு செய்து, பேரிங்குக்குக் குடை பிடிக்கும் வழியைத் தேடினேன்.

குடை என்பது சுழலியின் நடுக்குடத்திலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் ஒரு கிண்ணம். அது பேரிங் உட்கார்ந்திருக்கும் நிலையான கழுத்தை 15 மி.மீ. ஆழத்துக்கு மூடிக்கொண்டு, எங்கும் தொடாமல், சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுச் சுழல வேண்டும். தூசு உள்ளே போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். முதல் குடையை அலுமினியத்தில் கடைந்தோம். கனம் கூடியதால், வீச்சு அடங்கிய பிறகும் சுழலி தன் வேகத்திலேயே ஓடி, சராசரியை உயர்த்திக் காட்டியது. இரண்டாவதை நைலானில் கடைந்தோம். கனம் பாதிக்குக் கீழே வந்தது. ஆனால் லேத் பட்டறையில் நைலான் சூடேறி விரிந்த நிலையில் அளவெடுத்ததால், ஆறியபின் சுருங்கி ஒரு பக்கம் உரசியது. மூன்றாவதை, ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே ஐந்து நிமிடம் ஆறவிட்டு, பட்டறை அண்ணன் பொறுமையாகக் கடைந்து கொடுத்தார். சிம்மக்கல் பக்கத்தில் இப்படிச் சின்ன வேலைக்கு முகம் சுளிக்காத ஆள் கிடைப்பது பெரிய விஷயம். பேரிங் வாங்கிய கடையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது: 608 என்று பொறித்த பத்தில் மூன்றில், கையில் சுழற்றும்போதே கரகரப்பு இருந்தது. வாங்கும்போதே ஒவ்வொன்றையும் காதருகே வைத்துச் சுழற்றிப் பார்த்து வாங்குங்கள்.

சோதனைக்கு மேலூர்ப் பக்கத்துக் கல் அறுக்கும் பட்டறையிலிருந்து ஒரு பை கிரானைட் தூள் கொண்டுவந்தேன். ஈரமாக வந்ததை மாடியில் இரண்டு நாள் உலர்த்தி, மல் துணியில் சலித்து, அட்டைப் பெட்டிக்குள் சுழலியை வைத்துத் தூளை ஊதுகுழல் இயந்திரத்தால் அடித்தோம். குடையில்லாத பேரிங் நாற்பது நிமிடத்தில் இறுகியது. குடை மாட்டியது மூன்று மணி நேரம் ஓடியது. திறந்து பார்த்தால் மூடியின் விளிம்பில் மட்டும் சாம்பல் கோடு. எண்ணெய்க்குப் பதில் எதுவுமே விடாமல் உலர்ந்த நிலையில் ஓட்டினால் விழுதே உருவாகாது என்று மைத்துனர் சொல்கிறார். துரு பயம் இருப்பதால் அதை மதுரைக்குச் செய்ய மாட்டேன், ஜெய்சால்மருக்குச் செய்யலாம்.

குடை சேர்ந்ததால், கிண்ணத்தின் வேகத்தைக் காற்றின் வேகமாக மாற்றும் பழைய அளவீட்டுக் குணகம் செல்லாது. 1846-இல் நான்கு கிண்ணக் காற்றுமானியை அமைத்த ராபின்சன், கிண்ணத்தின் அளவும் கைநீளமும் எதுவானாலும் காற்றின் வேகம் கிண்ணத்தைப்போல் மூன்று மடங்கு என்று கருதினார். அது பிழை என்று பின்னால் தெரிந்தது. ஒவ்வொரு சுழலிக்கும் தனியாக அளந்தே ஆக வேண்டும். குடையில்லாத எனது பழைய மூன்று கிண்ணச் சுழலிக்கு, 7 செ.மீ. கையுடன், 2.8 வந்தது. விநாடிக்கு ஒரு சுற்று என்றால் மணிக்கு 4.4 கி.மீ. ரிங் ரோட்டில் விரகனூர்ப் பக்கம் அதிகாலை நாலரைக்கு, காற்றசைவு இல்லாத நேரத்தில், காரின் கூரைக்கு மேல் ஒரு மீட்டர் கம்பத்தில் கட்டி, போகும்போதும் திரும்பும்போதும் எடுத்த சராசரி அது. கம்பத்தைக் குறைத்தால் கூரையில் ஏறி வரும் காற்றையும் சேர்த்து அளந்துவிடுவோம்.

புதிய சுழலிக்கு அந்த ஓட்டம் இன்னும் பாக்கி. வரும் ஞாயிறு காற்றில்லாமல் இருந்தால் போகலாம். இதற்கிடையே எவர்சில்வர் கரண்டிக் கிண்ணங்களுக்கு மாற்றாக, பாதியாக வெட்டிய மேசைப்பந்தாட்டப் பந்துகளை ஒட்டிப் பார்க்கும் ஆசையும் வந்துவிட்டது, 40 மி.மீ. விட்டம், முழுப் பந்தே 2.7 கிராம்தான். ஜெய்சால்மர் மணல் அவற்றை எத்தனை நாளில் அரித்துவிடும் என்று மைத்துனரிடம் கேட்டிருக்கிறேன். ஒரு பந்தை வெட்டாமல் அப்படியே கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். ஆந்திப் பருவம் ஆனி வரை இருக்கிறது.