தோலுக்கடியில் கசிந்த கான்ட்ராஸ்ட்

சி.டி. ஸ்கேன் படத்தில் ரத்தக்குழாய்கள் வெளுத்துத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் ஏற்றுவதற்கு முன், "உடம்பெல்லாம் சூடாக இருக்கும், பயப்படாதீர்கள்" என்று எல்லோரிடமும் சொல்வது எங்கள் வழக்கம். அதைக் கேட்டதனாலேயே ஒரு மூதாட்டி, முழங்கை மடிப்பில் எழுந்த எரிச்சலையும் அந்தச் சூடு என்றே எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். பெருந்தமனி படத்தில் வெளுக்காததைக் கண்டு மருந்தைச் செலுத்தும் கருவியான இன்ஜெக்டரை நிறுத்தினேன். நொடிக்கு 3 மி.லி. வேகத்தில் 20 நொடிகள் ஓடியிருந்தது. அந்த 60 மி.லி.யில் பெரும்பகுதி தோலுக்கடியில் தேங்கிக் கை புடைத்திருந்தது.

அன்றுமுதல் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: சூடு தொண்டையிலும் அடிவயிற்றிலும் பரவினால் அது இயல்பு, ஊசி குத்திய இடத்தில் மட்டும் எரிந்தாலோ இறுகினாலோ உடனே குரல் கொடுங்கள்.

மருந்து ஏற்றிய மெல்லிய குழலான கேனுலாவை எடுத்தேன், வீக்கம் விரலுக்கு இறங்குமுன் மோதிரத்தைக் கழற்றினேன், கையை இதயமட்டத்துக்கு மேலே தலையணைகளில் ஏற்றிவைத்தேன். ஒத்தடம் குளிர்ச்சியானதா வெதுவெதுப்பானதா என்ற விவாதம் எங்களுக்குள் ஓயாதது. ஒன்று மற்றதைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்றில்லை. வலி தணிவதால் நான் குளிர்ச்சியையே வைக்கிறேன். கசிந்த மருந்தை ஊசியால் உறிஞ்சி எடுக்க முயல்வதில் பெரும்பாலும் பயனில்லை, தொற்றுக்குத்தான் வழி.

எத்தனை மி.லி. கசிந்தது என்பதையே எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். குறித்துவைக்க வேண்டிய எண்தான், ஆனால் கையின் நிலையை அது சொல்லாது. நகத்தை அழுத்தி விடுவித்தால் சிவப்பு உடனே திரும்புகிறதா, விரல் மரத்துப்போகிறதா, விரலை நாம் நீட்டும்போது வலி கூடுகிறதா, தோலில் கொப்புளம் எழுகிறதா என்பவற்றையே திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அறுவை மருத்துவரை அழைப்பதில் தாமதம் கூடாது. தசை உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நெருக்கப்படும் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் அரிதுதான் என்றாலும், அது காத்திருக்காது.

இரத்தத்தைவிடக் கரைபொருள் செறிவு மிகுந்த மருந்து சுற்றியுள்ள நீரை இழுத்துக்கொள்வதாலும், திசுவில் அழற்சி 24 முதல் 48 மணி நேரத்தில் உச்சமடைவதாலும், வீட்டுக்கு அனுப்பும்போது கவனிக்க வேண்டிய அறிகுறிகளை எழுதிக் கொடுத்தோம். மறுநாள் தொலைபேசியில் விசாரித்தபோது, வீக்கம் பாதி வடிந்திருப்பதாகவும் விரல்களை மடக்க முடிவதாகவும் சொன்னார். மருத்துவர் ஒப்புதலுடன் அடுத்த வாரம் மறுகையில் ஊசி குத்திப் படம் எடுத்தோம்.