பொங்கல் லீவில் நாமக்கோழி எண்ணப் போனோம்

போகிப் புகை இன்னும் முழுசாகக் கலையவில்லை. வேளச்சேரியைத் தாண்டும்போது புகையும் பனியும் கலந்து, எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. பறவை பார்க்க இதைவிட மோசமான காலை சென்னையில் கிடையாது. ஆனால் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பைப் பண்டிகையை ஒட்டி வைத்ததில் நியாயம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகளில் தண்ணீர் நிற்கும், வடக்கே இருந்து வந்த வலசைப் பறவைகள் நிலைகொண்டிருக்கும், நமக்கும் வரிசையாக லீவு. 2015-இல் தொடங்கி, ஒவ்வொரு ஜனவரியிலும் தமிழ்நாடு முழுக்கத் தன்னார்வலர்கள் நான்கு நாள் இதைச் செய்கிறார்கள்.

விதி ரொம்ப எளிது. ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிடம் இருந்து, கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு, பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் செயலியில் ஏற்ற வேண்டும். மொட்டை மாடி, பூங்கா, ஏரிக்கரை, எங்கே வேண்டுமானாலும் எண்ணலாம்.

நாங்கள் போனது பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் ரோடு அதை வெட்டிக்கொண்டு போகிறது. 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த இடம் இது. பெருங்குடி குப்பைக் கிடங்குப் பக்கமிருந்து காற்று அடிக்கும்போது அந்தப் பெருமையெல்லாம் மறந்துபோகும். முதுகுக்குப் பின்னால் லாரிகள் பறக்க, நடைபாதையோரம் டெலஸ்கோப்பின் முக்காலியை நிறுத்தினோம்.

வந்தவர்களில் ஒரு கல்லூரிப் பெண் புதிது. "அக்கா, காக்காவைக்கூட எண்ணணுமா?" என்று கேட்டாள். புதிதாக வருகிற எல்லோரும் கேட்பதுதான். எண்ணத்தான் வேண்டும். பார்த்ததையெல்லாம் எழுதியாயிற்று என்று உறுதி சொன்னால்தான், பட்டியலில் இல்லாத பறவை அங்கே கண்ணில் படவில்லை என்று பிறகு யாராவது கணக்குப் போட முடியும். அபூர்வமானதை மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது வேடிக்கை பார்த்த கதைதான்.

அன்றைக்கு எங்கள் உயிரை வாங்கியவை நாமக்கோழிகள். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைப் பட்டை, நிமிடத்துக்கு ஒரு முழுக்கு. ஒன்று மூழ்கும் இடத்தில் இன்னொன்று எழும்பும். குழுவில் மூத்தவரான சார் ஒருவர், "ஒவ்வொண்ணா எண்ணாதம்மா. பத்து எண்ணிக்கோ, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்குதுன்னு பாரு, அதே அளவை அடுத்தடுத்து வச்சுக்கிட்டே போ" என்றார். அப்படியே போய்க் கூட்டத்தின் பாதியைத் தாண்டியிருப்போம். கோரைக்கு மேலே தாழப் பறந்து வந்தது ஒரு சேற்றுப் பூனைப்பருந்து. அவ்வளவுதான். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை எல்லாம் ஒரே இரைச்சலாகக் கிளம்பி ஒரு வட்டம் அடித்து வேறெங்கோ இறங்கின. நாமக்கோழிகள் தண்ணீரை உதைத்துக்கொண்டே ஓடிக் கோரைக்குள் புகுந்தன. சரி, மறுபடியும் ஒன்றிலிருந்து.

அந்த இடைவெளியில்தான் பக்கத்திலிருந்த நீலத் தாழைக்கோழியை நிதானமாகப் பார்க்க முடிந்தது. கோரைத் தண்டு ஒன்றை அலகால் பிடுங்கி, நீண்ட சிவப்பு விரல்களால் பற்றித் தூக்கி, கரும்பு கடிக்கிற மாதிரி மேல்தோலை உரித்து உள்தண்டை மட்டும் தின்றது. பொங்கலன்று அதுவும் பண்டிகை கொண்டாடியது என்று எழுதக் கை பரபரக்கிறது, விட்டுவிடுகிறேன்.

பைக்கை ஓரங்கட்டிய ஒருவர் எங்கள் டெலஸ்கோப்பையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சர்வே எடுக்கறீங்களா? எந்த ஏரியாவை இடிக்கப் போறாங்க?" என்று கேட்டார். அவர் பயம் நியாயமானதுதான். நீர்நிலைக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு நோட்டும் கையுமாக நிற்கிற கூட்டம் நல்ல செய்தி கொண்டுவருவதில்லை. வாத்து எண்ணுகிறோம் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. லென்ஸ் வழியாகக் கரண்டிவாயனைக் காட்டிய பிறகுதான் முகம் தெளிந்தது. அப்புறம் அரை மணி நேரம் நகரவேயில்லை. சின்ன வயதில் இந்தத் தண்ணீர் எதுவரை நின்றது, எங்கே மீன் பிடித்தார்கள் என்று கைநீட்டிக் காட்டினார். காட்டிய திசையிலெல்லாம் இப்போது அடுக்குமாடிகள். எங்கள் பட்டியலில் அதை ஏற்ற இடமில்லை.

டீக்கடை எதுவும் திறக்காததால் ஃபிளாஸ்க் காப்பியும் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலும்தான். பூநாரை (ஃபிளமிங்கோ) அன்றைக்கு வரவில்லை. மழை தாராளமாகப் பெய்த வருஷம், அவை நடந்து மேய்வதற்குத் தண்ணீர் ஆழம் அதிகம்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். அம்மா மாடியில் மஞ்சள் இலை விரித்துக் காக்கை குருவிக்குக் கனுப்பிடிச் சோறு வைக்க வந்தபோது நானும் போனோடு ஏறினேன். இதைவிட வசதியாகக் காக்கை எண்ண வழியில்லை. தண்ணீர்த் தொட்டி மேல், கேபிள் வயர் மேல் என்று ஒரே சமயத்தில் உட்கார்ந்திருந்தவை 23. ஒரு குயில், இரண்டு மைனா, எங்கோ ஒரு செம்மார்புக் குக்குறுவானின் டொக் டொக். "காக்காய்க்கும் குருவிக்கும் கல்யாணம்னு சொல்லித்தான் வைக்கிறேன், குருவியைக் காணோமே" என்றாள் அம்மா. 15 நிமிடத்துக்கு மேலேயே நின்று பார்த்தோம். சிட்டுக்குருவி இல்லை.

காணும் பொங்கலன்று அடையாறு முகத்துவாரம் என்று திட்டம். அதை ஒட்டிய பெசன்ட் நகரில் அன்று வண்டி நிறுத்தக்கூட இடம் கிடைக்காது என்று சார் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் கேளம்பாக்கம் உப்பங்கழிக்கு மாற்றிக்கொண்டோம். பூநாரை அங்கே இருக்கலாம்.