இடது காலுக்கு வேலையில்லை

பத்தொன்பது வருடம் கிளட்ச் மிதித்த இடது முட்டியில் ஜவ்வு தேய்ந்துவிட்டது. "நடங்க, மாடி ஏறுங்க, ஆனா ட்ராஃபிக்ல கிளட்ச் மிதிக்கிறதைக் குறைச்சுக்குங்க" என்றார் டாக்டர். அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு ஆட்டோமேட்டிக் கார் வந்தது. ஆசைப்பட்டு வாங்கியதல்ல. கியர் போடாமல் ஓட்டுவதெல்லாம் ஒரு ஓட்டலா என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

ஐந்து நிமிடத்தில் பழகிவிடும் என்றார்கள். ஐந்து நிமிடத்தில் வண்டியை நகர்த்தலாம், உண்மைதான். பழகுவதற்கு எனக்கு மூன்று மாதம் ஆனது.

முதல் நாள் காலியான மைதானம் ஒன்றில் ஓட்டிப் பார்த்தேன். பக்கத்தில் மகள். அவள் கற்றுக்கொண்டதே ஆட்டோமேட்டிக்கில்தான். வேகம் 30 இருக்கும். நிறுத்தலாம் என்று நினைத்தேன். நினைத்ததுதான் தாமதம், கை கியரைத் தேடிப் போனது, இடது கால் தானாக எழுந்து கிளட்ச் இருக்கும் இடத்தில் ஓங்கி மிதித்தது. அங்கே கிளட்ச் ஏது? அகலமான பிரேக் பெடலின் இடது ஓரம்தான் இருந்தது. பின் சீட்டில் கிடந்த தண்ணீர் பாட்டில் பறந்து வந்து முன் சீட்டின் முதுகில் மோதியது. மகளின் சீட் பெல்ட் இறுகிக்கொண்டது.

"அப்பா, அந்தக் காலை மடக்கி சீட்டுக்கடியில வைங்க."

பிறகு யோசித்தபோது புரிந்தது. வலது காலுக்கு அளவு தெரியும்: எவ்வளவு மிதித்தால் எவ்வளவு நிற்கும் என்று வருடக்கணக்கில் பழகியிருக்கிறது. இடது காலுக்குத் தெரிந்ததெல்லாம் அடிவரை ஒரே மிதி. அதை பிரேக்கில் வைத்தால் மென்மையாக நிறுத்தவே தெரியாது. ஒரு காலை பிரேக்கிலும் இன்னொன்றை ஆக்ஸிலரேட்டரிலும் வைத்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். திடுக்கிட்டால் இரண்டையும் சேர்த்து மிதித்துவிடும் ஆபத்து அதில் உண்டு. கால் லேசாக பிரேக்கின் மேலேயே கிடந்தால் பின் விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும், பின்னால் வருபவருக்கு நாம் எப்போது நிற்கிறோம் என்றே தெரியாது. முதல் வாரம் காலை மடக்கித்தான் வைத்திருந்தேன். அதன்பின் இடது பக்கம் இருக்கும் ஃபுட் ரெஸ்ட்டுக்கு மாற்றினேன். அங்கேதான் அது இருக்க வேண்டும். திடீரென்று பிரேக் போடும்போது உடம்பு முன்னே சரியாமல் ஊன்றிக்கொள்ள இடம் கிடைக்கும்.

வாங்கும் முன் நான்கு விதமான வண்டிகளை ஓட்டிப் பார்த்திருந்தேன். ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயருக்குள் உள்ளே வேறு வேறு இயந்திரங்கள் இருக்கின்றன. ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் மோட்டாரோ ஹைட்ராலிக்கோ பார்த்துக்கொள்கிறது. கியர் மாறும்போது தலை ஒரு முறை ஆடும். நான் ஓட்டிய வண்டி ஏற்றத்தில் பிரேக்கை விட்டதும் பின்னால் உருண்டது. சி.வி.டி.யில் கியர் என்று படிகளே கிடையாது, இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு பெல்ட். ஓங்கி மிதித்தால் முதலில் சத்தம் வரும், வேகம் பின்னால் வரும். டி.சி.டி.யில் இரண்டு கிளட்ச், ஒற்றைப்படை கியருக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. ஓட்ட சுகமோ சுகம். ஆனால் ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பழக்கம் கிளட்ச்சைச் சுட்டுவிடும். கடைசியில் நான் எடுத்தது டார்க் கன்வெர்ட்டர். எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றை ஓடவிட்டால் அந்தக் காற்றில் மற்றது சுழலுமே, அந்த மாதிரி. காற்றுக்குப் பதில் எண்ணெய். இது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு ஓல்ட்ஸ்மொபைல் கார்கள் 1940ஆம் வருட மாடலிலேயே விற்பனைக்கு வந்துவிட்டன.

அந்த எண்ணெயால்தான் எனக்கு முதல் அடி விழுந்தது. இன்ஜின் ஓடும்வரை விசிறியும் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். லீவரை 'டி'யில், அதாவது முன்னால் போகும் டிரைவில், போட்டு பிரேக்கை விட்டால், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே வண்டி நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போகும். ட்ராஃபிக்கில் இது வரம். ஒரு அடித்தள பார்க்கிங்கில் டோக்கன் எடுக்கக் கண்ணாடியை இறக்கி உடம்பை வெளியே நீட்டினேன். இரண்டு விரற்கடை தூரம்தான் எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் எக்கியபோது பிரேக்கில் இருந்த கால் தளர்ந்தது. வண்டி ஊர்ந்தது. பதறிப்போய் மிதித்தேன். மிதிபட்டது ஆக்ஸிலரேட்டர். முன்னால் இருந்த தடுப்புக் கட்டை நெளிந்து, பம்பரில் நீளமாக ஒரு கோடு விழுந்த பிறகுதான் நின்றது. முன்னால் யாராவது நடந்து போயிருந்தால் என்று இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். ஸ்டியரிங்கை விட்டு வேறு வேலை எதைச் செய்வதானாலும், டோக்கனோ பின் சீட்டில் இருக்கும் பையோ, முதலில் 'பி', அதாவது வண்டியை நிறுத்திப் பூட்டும் பார்க். அடுத்தது, குதிகாலை பிரேக்குக்கு நேர் கீழே தரையில் ஊன்றிவிட்டு, ஆக்ஸிலரேட்டருக்குப் பாதத்தை மட்டும் திருப்புவது. காலை அப்படியே தூக்கித் தூக்கி வைப்பவர்களுக்குத்தான், முக்கியமாக ரிவர்ஸில் கழுத்தைத் திருப்பியிருக்கும்போது, பெடல் மாறிப்போகிறது.

'பி' பற்றியும் சொல்ல வேண்டும். சரிவில் நிறுத்தி 'பி' போட்டுவிட்டு பிரேக்கை எடுத்தால் வண்டி ஒரு சாண் உருண்டு 'டக்'கென்று நிற்கும். மறுநாள் எடுக்கும்போது அடியிலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம். கியர்பாக்ஸ் போய்விட்டதோ என்று பயந்து மெக்கானிக்கிடம் ஓடினேன். அவர் சிரித்தார். "உள்ள ஒரு பல்சக்கரம் சார். அதோட இடுக்குல விரல் மொத்தத்துக்கு ஒரு கொக்கி போய் விழும். அதுதான் பார்க். மொத்த வண்டியையும் அது மேல தொங்கவிட்டுட்டுப் போறீங்க." வரிசையையும் அவரே சொல்லித்தந்தார்: பிரேக்கை மிதித்தபடி நியூட்ரல், பிறகு ஹேண்ட் பிரேக், பிரேக்கை மெல்ல விட்டு வண்டி ஹேண்ட் பிரேக்கில் நிற்கிறதா என்று பார்ப்பது, கடைசியாகத் திரும்ப மிதித்து 'பி'. அந்த 'டங்' அதோடு போய்விட்டது.

மலை இறக்கத்தில் என் மேனுவல் புத்தி மறுபடி வாலாட்டியது. நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று ஒரு பழைய நம்பிக்கை. இப்போதைய இன்ஜின்களில் அது தலைகீழ். கியரில் இருந்தபடியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது, இன்ஜெக்டர் எரிபொருளை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் இன்ஜின் உயிரோடு இருக்கக் குடித்துக்கொண்டே வர வேண்டும். வண்டியைப் பிடித்து வைக்க ஆளும் இல்லாமல் போகிறது. வெறும் 'டி'யில் விட்டாலும் போதாது. அது மேல் கியருக்குப் போய்விடும், நாம் பிரேக்கை அழுத்திக்கொண்டே வர வேண்டியிருக்கும். ஏழெட்டு வளைவு தாண்டியதும் கருகல் நாற்றம் வந்தது, பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டேன். அதற்குப் பிறகு லீவரை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டாம் கியரில் இறங்கினேன். இன்ஜின் உறுமியது, வேகம் தானாகக் கட்டுப்பட்டது, வளைவுகளில் மட்டும் பிரேக்கைத் தொட்டால் போதுமாக இருந்தது. உங்கள் வண்டியில் 'எல்' என்றோ '2' என்றோ இருந்தால் அது இதற்குத்தான்.

ஓவர்டேக்கில் ஒரே ஒரு விஷயம். ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தியதும் அது கீழ் கியருக்கு இறங்கி, பிறகுதான் பாயும். அந்த ஒரு நொடித் தாமதத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டே வெளியே வர வேண்டும்.

இரண்டாம் வருடம் பேட்டரி செத்தது. உதவ வந்த இருவர் பின்னால் போய்க் கையை வைத்து, "கியர்ல போடுங்க, தள்ளறோம்" என்றார்கள். கியர்பாக்ஸுக்குள் எண்ணெயை அழுத்தும் பம்ப் இன்ஜினால் ஓடுவது. இன்ஜின் நின்றுவிட்டால் அழுத்தமில்லை, எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் இன்ஜினைச் சுற்றாது. லீவரும் 'பி'யை விட்டு வரவில்லை, அந்தப் பூட்டு கரண்டில் வேலை செய்வது. லீவர் பக்கத்தில் சின்ன மூடி ஒன்று உண்டு. அதை நெம்பி எடுத்து, பிரேக்கை மிதித்தபடி உள்ளே சாவி முனையால் அழுத்தினால் விடும். வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. நியூட்ரலுக்கு வந்ததும் ஓரமாகத் தள்ளிவிட்டு, இன்னொரு காரில் வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்தோம். கட்டி இழுத்துப் போகலாமா என்று கேட்டார்கள். அதே பம்ப் கதைதான், உள்ளே எண்ணெய் போகாமல் தேயும். சக்கரம் தரையில் படாமல் வண்டி மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

பராமரிப்பில் நான் ஏமாந்தது கியர்பாக்ஸ் எண்ணெயில். ஒரு சர்வீஸ் சென்டரில் "ஆயுசுக்கும் மாத்த வேண்டாம் சார்" என்றார்கள். யாருடைய ஆயுசு என்று கேட்கத் தோன்றவில்லை. 70,000 கிலோமீட்டர் தாண்டியதும் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு சின்ன உதைப்பு. புத்தகத்தின் பின்பக்கத்தில், நெரிசலிலும் மலையிலும் ஓடும் வண்டிக்கு 60,000இல் மாற்றச் சொல்லித் தனி அட்டவணையே இருந்தது. மெக்கானிக் பழைய எண்ணெயில் ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விட்டார். பக்கத்தில் புதியதில் ஒரு சொட்டு. புதியது குங்குமச் சிவப்பு. பழையது டீ டிகாக்ஷன். மோந்து பார்த்தேன், கருகல் இல்லை. "அப்ப தப்பிச்சீங்க" என்றார். வண்டிக்குச் சொன்ன ரக எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்ற அவர் ஒப்புக்கொள்ளவில்லை, சி.வி.டி.க்கு உரியதை இதிலோ இதற்குரியதை அதிலோ ஊற்றினால் கியர்பாக்ஸையே கழற்ற வேண்டி வருமாம். மாற்றிய ஒரு வாரத்தில் உதைப்பு நின்றது.

அதே சர்வீஸில் இடது பக்க ஃப்ளோர் மேட்டைத் தூக்கிக் காட்டினார். ஃபுட் ரெஸ்ட்டின் மேல் விழும் இடத்தில் மட்டும் குதிகால் அகலத்துக்கு ஓட்டை. ஒவ்வொரு பிரேக்குக்கும் என் இடது கால் இன்னும் அங்கே கிளட்ச் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறது. புது மேட் வாங்கும்போது தரையில் கொக்கி மாட்டும் வகையாகப் பார்த்து வாங்கச் சொன்னார், நழுவிப்போய் பிரேக்குக்கடியில் சிக்காமல் இருக்க.