டி-34க்கு பனிக்கால வெள்ளை

ஒருவழியா 1/35 ஸ்கேல் டி-34 மாடல் (இரண்டாம் உலகப் போர் சோவியத் டாங்க்) முடிச்சாச்சு, நிஜ வண்டியோட பாடி சுமார் 6 மீட்டர், என் மேஜையில அது சுமார் 17 சென்டிமீட்டர். ஒட்டுறது சீக்கிரம் முடிஞ்சிடும், உயிரே வெதரிங்லதான், அதாவது வெயில், மழை, சண்டை பாத்த பழைய வண்டி மாதிரி காட்டுறதுல. 1942-43 குளிர்காலத்துல சோவியத் வீரர்கள் பச்சை பெயின்ட் மேலயே வெள்ளைய பூசினாங்க, ஏறி இறங்குற இடத்துல, ஹேட்ச் (மேல் மூடி) ஓரத்துல அது தேஞ்சு பச்சை எட்டிப் பாக்கும். அதைக் கொண்டுவர பச்சை நல்லா காஞ்சதும் ஹேர் ஸ்ப்ரே அடிச்சு, அதுக்கு மேல அக்ரிலிக் வெள்ளைய ஏர்பிரஷ்ல (காத்தால பெயின்ட் தெளிக்கற கருவி) மெல்லிசா விட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு ஈர பிரஷ்ஷால மெதுவா தேய்க்கணும், அடியில இருக்கற ஸ்ப்ரே தண்ணில கரைஞ்சு வெள்ளை செதில் செதிலா உரிஞ்சு வரும் பாருங்க, அந்த நிமிஷத்துக்காகவே நான் மாடல் செய்றேன். துரு நிறத்த மட்டும் அள்ளிப் பூசாதீங்க, போர்ல பல டி-34ங்க துருப்பிடிக்கற அளவுக்கு நாள் தாங்கினதே இல்ல. எக்ஸாஸ்ட் குழாய்ல லேசா ஒரு பழுப்பு, போதும்.