அக்காவுக்குப் பிறகு நான் செய்துகொண்ட குடல் பரிசோதனை

அக்காவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரியவந்தபோது அவவுக்கு 50 வயது. மலத்தோடு இரத்தம் போனதை மூலவியாதி என்று எண்ணி, கைமருந்து குடித்தே நெடுநாளைக் கடத்திவிட்டா. மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சையும் கீமோவும் முடிந்து, இப்போது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை கிளினிக்குக்குப் போய்வருகிறா. ஆரையம்பதியிலிருந்து கூட்டிப்போவது நான்தான். அப்படிப் போன ஒருநாள் டொக்டர் அக்காவின் கொப்பியை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சருக்கு எத்தின வயசு?"

43 என்றேன்.

"அப்ப நீங்களும் பார்க்க வேணும். கூடப்பிறந்த எல்லாரும் பார்க்க வேணும்."

பெற்றோர், கூடப்பிறந்தவர், பிள்ளை ஆகியோரில் ஒருவருக்கு 60 வயதுக்கு முன் குடற்புற்று வந்திருந்தால் மற்றவர்கள் 40 வயதிலேயே கொலனோஸ்கோபி, அதாவது பின்வழியாகக் கமெராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ள வேண்டும். அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் 10 வருடம் முன்பே செய்ய வேண்டும். இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. அக்காவை வைத்துப் பார்த்தால் இரண்டு வழியிலும் 40 தான் வருகிறது.

குழாய் விட்டுப் பார்ப்பது என்றதும் எனக்கு வயிறு கலங்கியது. அக்காவுக்கு ஒவ்வொரு கிளினிக்கிலும் இரத்தம் எடுத்து, குடற்புற்றில் கூடக்கூடிய சி.ஈ.ஏ. என்ற புரதத்தின் அளவு பார்க்கிறார்கள். எனக்கும் அதையே பார்த்தால் போதாதா என்று கேட்டேன். போதாது என்றார். சி.ஈ.ஏ.யை 1965இல் கனடாவின் மொன்றியலில் கண்டுபிடித்தார்கள். ஆரம்ப நிலைப் புற்றில் பலருக்கு அது கூடுவதே இல்லை. புகை பிடிப்பவர்களுக்கோ நோய் இல்லாமலேயே கூடும். நோய் உறுதியானவரை, அது திரும்பி வருகிறதா என்று கண்காணிக்கத்தான் அது உதவும்.

நான் விடவில்லை. சாதாரணதர வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிகளை, அதாவது அந்நியப் பொருளை எதிர்க்க உடல் சுரக்கும் புரதங்களை (antibodies), வைத்தே குடற்புற்றை முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம் என்று வாசித்திருந்தேன், அதைக் கேட்டேன். வெளியே அத்தனை பேர் காத்திருக்க, அந்த மனிதர் ஒரு துண்டுக் கடதாசியில் படம் வரைந்து விளக்கினார். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். நம் கலங்களில் பி53 என்றொரு புரதம் இருக்கிறது. கலம் கெட்டுப்போனால் அது பெருகவிடாமல் தடுப்பது இதன் வேலை. குடற்புற்றில் பலருக்கு இந்தப் புரதத்தின் மரபணுவே பழுதாகிவிடுகிறது. பழுதான புரதம் அழியாமல் கலத்துக்குள் குவிய, உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு அதற்கெதிராகப் பிறபொருளெதிரி சுரக்கிறது. கட்டி கடுகளவாக இருக்கும்போதே இது நடக்கலாம் என்பதுதான் இதன் பெரிய நம்பிக்கை. பிரித்தானியாவில் சூலகப் புற்றுநோய் ஆய்வு ஒன்றுக்காக 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் இரத்தம் எடுத்து உறையவைத்திருந்தார்கள். அவர்களில் பின்னாளில் குடற்புற்று வந்தவர்களின் பழைய இரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, சிலரிடம் நோய் தெரியவருவதற்கு முன்பே பி53க்கு எதிரான பிறபொருளெதிரி உயர்ந்திருந்தது. ஜப்பானில் 2007 முதல் இந்தப் பரிசோதனை காப்புறுதியின் கீழ் பாவனையில் இருக்கிறது.

ஆனால் "சிலரிடம்" என்பதை விட்டுவிட்டு வாசிக்கக் கூடாது. குடற்புற்று உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் இந்தப் பிறபொருளெதிரி தென்படுகிறது. தென்பட்டால் பெரும்பாலும் காரணம் இருக்கும். தென்படாவிட்டால் நோய் இல்லை என்று வீட்டுக்குப் போக முடியாது. வேறு புரதங்களுக்கு எதிரானவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பிடிபடுகிறவர்கள் கூடுவார்கள், நோயில்லாமல் பயந்து அலைகிறவர்களும் கூடுவார்கள். நுரையீரல் புற்றில் இதே வழியை ஸ்கொட்லாந்தில் 12,000 பேருக்கு மேல் சோதித்து, பிந்திய நிலையில் பிடிபடுவது குறைந்ததைக் கண்டார்கள். குடலுக்கும் அப்படி ஒரு நாள் வர வேண்டுமென்று நான் மனதார விரும்புகிறேன். ஒரு துளி இரத்தம் என்றால் எங்கள் ஊரில் ஆயிரம் பேர் வருவார்கள். மலம் என்றால் பத்துப்பேர் வருவதும் கஷ்டம்.

கொலனோஸ்கோபிக்குத் திகதி கிடைக்கக் காலம் எடுக்கும் என்பதால், இடையில் எஃப்.ஐ.டி. செய்துபார்க்கச் சொன்னார். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது. இதிலும் வேலை செய்வது பிறபொருளெதிரிதான். மனித இரத்தத்தின் குளோபின் புரதத்தை மட்டுமே பிடிக்கும்படி ஆய்வுகூடத்தில் செய்தது. அதனால் முந்தின நாள் இறைச்சி சாப்பிட்டிருந்தாலும் பிரச்சினை இல்லை. பழைய முறைப் பரிசோதனையில் இறைச்சியே முடிவைக் குழப்பிவிடும்.

தனியார் லேப் ஒன்றில் விரல் நீளத்தில் ஒரு குழாய் தந்தார்கள். உள்ளே கொஞ்சம் திரவம், மூடியோடு சேர்ந்து ஒரு குச்சி, குச்சியின் நுனியில் வரிவரியாகக் கீறல். மலம் தண்ணீரில் விழக் கூடாது. கடதாசி விரித்து அதில் எடுத்து, குச்சியால் நாலைந்து இடத்தில் குத்தி, கீறல் நிரம்பினால் போதும், திரும்பக் குழாய்க்குள் விட்டு இறுக்க வேண்டும். அள்ளி நிரப்பத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று சூடு. வெக்கையில் கிடந்தால் இரத்தப் புரதம் சிதைந்து, இருக்கிற இரத்தமும் இல்லையென்று வந்துவிடும். நான் எடுத்தது கச்சான் காற்று அடிக்கிற மாதம். குழாயை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு விடியவே கொண்டுபோய்க் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பையன் என்னிடம் படித்தவன். "குடுங்க டீச்சர்" என்று சாதாரணமாக வாங்கி ஸ்டிக்கர் ஒட்டினான்.

ரிப்போட் நெகட்டிவ். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மாமி ஒருபடி மேலே போய், "ஏங்கா புள்ள, ஒரு வருத்தமும் இல்லாம எதுக்கு ஆசுபத்திரியில போய்ப் படுக்கப் போறாய்?" என்றா. டொக்டரிடம் காட்டினேன். கொலனோஸ்கோபியை நிறுத்தவில்லை. எஃப்.ஐ.டி. ஒருமுறை செய்தால் புற்றுநோயில் நாலில் மூன்று அளவைப் பிடிக்கும், குடல் சுவரில் முளைக்கும் பொலிப் என்ற சதை வளர்ச்சிகளில் இரத்தம் கசியாத சிறியவற்றைப் பெரும்பாலும் தவறவிடும் என்றார். குடும்பத்தில் நோய் இல்லாதவர்களுக்கு அதைத் தவறாமல் திரும்பத் திரும்பச் செய்வது நல்ல வழி. என்னைப் போன்றவர்களுக்கு அது மட்டும் காணாது.

ஆயத்தம்தான் இதில் உண்மையான வேலை. இரும்புச்சத்துக் குளிசையை ஒரு கிழமைக்கு முன்பே நிறுத்தச் சொன்னார்கள். நீரிழிவு மருந்தோ இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தோ எடுப்பவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கடைசி நாட்களில் சிவப்பரிசிச் சோறு, குரக்கன், கீரை, கொய்யா எதுவும் இல்லை. விதையும் நாரும் குடல் சுவரில் ஒட்டிக்கொண்டால் கமெராவுக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளைப் பச்சரிசிச் சோறும் முள் எடுத்த மீனும் முட்டையும். முந்தின நாள் முழுக்கத் தெளிந்த நீராகாரம் மட்டும்: இளநீர், பால் விடாத தேத்தண்ணி, வடித்த சூப். சிவப்பு நிறச் சர்பத் கூடாது, உள்ளே இரத்தம்போலத் தெரியும்.

பேதி மருந்துத் தூளை லீற்றர் கணக்கில் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். உப்புக்கரிப்பும் ஒருவித வழுவழுப்பும். குளிரவைத்து, ஒரு வாய் குடித்ததும் தேசிக்காய்த் துண்டை நக்கிக்கொண்டேன், அதில்தான் இறங்கியது. எங்கள் கக்கூஸ் வளவுக்குப் பின்னால். இரவு முழுக்க என் வீட்டுக்காரர் வெளி லைற்றைப் போட்டுவிட்டுத் திண்ணையிலேயே இருந்தார். கடைசியில் மஞ்சள் தண்ணீராகத் தெளிந்து போக வேண்டும். கலங்கலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், எல்லாம் முதலிலிருந்து.

அறைக்குள் போனபின் நடந்தது சொல்லும்படி அதிகமில்லை. கையில் ஊசி ஏற்றி, இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, அரைத்தூக்கத்துக்கு மருந்து விட்டார்கள். காற்று ஏறும்போது வயிறு முறுக்கியது. "மூச்ச நல்லா இழுத்து விடுங்கம்மா" என்று தாதி மிஸ்ஸி தோளைப் பிடித்துக்கொண்டா. திரையில் என் குடலை ஈரமான இளஞ்சிவப்பாகக் கண்டது ஞாபகம். ஒரு வளைவில் சிறு காம்போடு எதுவோ தொங்கிக்கொண்டிருந்தது. கம்பி வளையம் ஒன்று வெளியே வந்து அதைச் சுருக்குப் போட்டுத் துண்டித்தது. வலி துளியும் இல்லை.

8 மில்லிமீற்றர் பொலிப். வெட்டியெடுத்ததை ஆய்வுகூடத்தில் சோதிக்கும் பயொப்சியின் முடிவு வரும்வரை நித்திரை சரியாக இல்லை. வந்தபோது அடினோமா என்றிருந்தது. புற்றல்ல, ஆனால் விட்டுவைத்தால் புற்றாக மாறக்கூடிய வகை. அப்படி மாறப் பெரும்பாலும் 10 வருடமளவில் எடுக்கும் என்றார் டொக்டர். அடுத்த கொலனோஸ்கோபி 5 வருடத்தில்.

இரத்தப் பரிசோதனை வரட்டும், அதுவரை இருப்போம் என்று சொல்கிறவர்களிடம் நான் இந்த 8 மில்லிமீற்றரைத்தான் சொல்கிறேன். எஃப்.ஐ.டி.க்கே அகப்படாதது அது.

தம்பிக்கு 41. களுவாஞ்சிகுடியில் வயல் செய்கிறான், வெள்ளாமை வெட்டு முடிந்ததும் வருகிறேன் என்று திகதி எடுத்துவிட்டான். அக்காவின் மூத்த மகளுக்கு 27. அவளுடைய முறை 40இல் வரும். அதற்கு முன்னால் மலத்தில் இரத்தம் கண்டாலோ, காரணம் தெரியாமல் இரத்தச்சோகை வந்தாலோ, வெளிக்குப் போகும் வழக்கம் சில கிழமையாக மாறியிருந்தாலோ வயதைப் பார்க்காமல் கிளினிக்குக்குப் போகச் சொல்லி, அவளுடைய கொப்பியின் முதல் பக்கத்தில் அக்காவே எழுதிக் கொடுத்திருக்கிறா.